இல்லை என்று நிரப்பிய பச்சைத் தாள்

1

இன்று காலை எட்டு மணிக்கு, எந்த நோய் வருத்தமும் இல்லாத ஒரு மனிதனின் நெஞ்சில் பத்து ஈசிஜி வில்லைகளை ஒட்டினேன். வங்கியில் வேலை. வயது முப்பத்துநான்கு. காலையும் மாலையும் ஓடுகிறவன், சிகரெட்டைத் தொட்டதில்லை, தாயும் தகப்பனும் இன்னும் மலையேறித் திரிகிறார்கள். கையில் கட்டியிருக்கும் மணிக்கூடு அவனுடைய இருதயம் ஒருமுறை துள்ளியதாகச் சொல்லிவிட்டதாம். இந்த வருடத்தில் அவனுக்கு இது மூன்றாவது ஈசிஜி. போன முறை ஓட்டப் பட்டியில் ஏற்றி ஓடவும் விட்டோம். இறங்க மனமில்லாமல் ஓடினான். அன்றைக்கும் எல்லாம் திறம், இன்றைக்கும் எல்லாம் திறம். "நிச்சயமாகத் தெரியுமா?" என்று என்னைக் கேட்டான். அந்த வில்லைகளை மயிரோடு சேர்த்துப் பிடுங்க வேண்டும் போல எனக்கு இருந்தது. மெதுவாகத்தான் கழற்றினேன். அதற்குத்தானே சம்பளம் தருகிறார்கள்.

இன்று என் அண்ணனுடைய ஆண்டு நாள். ஊரில் பூசை ஒப்புக்கொடுத்திருப்பார்கள். நானும் லீவு எடுக்கலாம் என்று பார்த்தேன். இங்கே லீவுக்குக் கணினியில் ஒரு படிவம் உண்டு. அதில் காரணத்தைத் தெரிவு செய்ய வேண்டும்: பிள்ளைக்குச் சுகமில்லை, வீடு மாறுகிறேன், மரணச் சடங்கு. செத்துப் பல வருடமான அண்ணனுக்கு அதில் ஒரு பெட்டி இல்லை. நிர்வாகக் கந்தோரில் இருக்கும் பெண்ணிடம் போய்க் கேட்டேன். அவள் மிக அன்பாக, "மற்றவை என்று போடுங்கள்" என்றாள். மற்றவை! என்னுடைய சூசையண்ணன் மற்றவை. ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வேலைக்கு வந்து, அந்த ஓட்டக்காரனின் நெஞ்சைத் துடைத்தேன்.

வெளிநாட்டிலிருந்து எழுதுகிறவர்கள் பனி பெய்கிறது, மனம் உருகுகிறது என்று எழுதுவார்கள். நோர்வேயின் இந்தக் கரையில் பனி குறைவு, வருடம் முழுக்க மழைதான். எனக்கு மனமும் உருகவில்லை. அருவருப்பாக இருக்கிறது. யார் யார் மேல் என்று எழுதிக்கொண்டு போனால் உங்களுக்கே விளங்கும். என்னையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

2

கலியாணம் கட்டி இங்கே வந்தபோது இதே ஆஸ்பத்திரியில் நிலம் துடைத்தேன். பிறகு பாஷை படித்து, பரீட்சை எழுதி, இருதயப் பகுதியில் ஈசிஜி எடுக்கிறவளாக ஆனேன். பாஷை என்னைக் கொஞ்சமாகவா சிரிப்புக்கு இடமாக்கியது. முதல் கிழமை ஒரு கிழவருக்குச் சோதனை முடிந்தது என்று சொல்ல வெளிக்கிட்டு, "உங்கள் இருதயம் முடிந்துவிட்டது" என்று சொல்லிப்போட்டேன். அந்த மனுசன் கட்டிலில் எழும்பி இருந்து தன் மனைவியைக் கூப்பிடச் சொன்னார்.

எங்கள் பகுதியின் மூத்த டொக்டர் ஒரு பெண். உயரமானவ, சிரிக்கவே மாட்டா. மெஷினைப் பற்றி அவ எனக்குச் சொன்னது கொஞ்சம்தான். கேள்வியைப் பற்றித்தான் நிறையச் சொன்னா. ஒரே கோணல் கோடு ஒரு இருபது வயதுப் பெட்டைக்கு வந்தால் பெரும்பாலும் ஒன்றுமில்லை. சீனி, பிரஷர், புகை, மாரடைப்பில் போன தகப்பன் என்று எல்லாம் உள்ள ஐம்பது வயது ஆணுக்கு அதே கோடு வந்தால் அது வேறு சங்கதி. அப்படிப்பட்ட ஆளுக்குக் கோடு சுத்தமாக வந்தாலும் நம்பி வீட்டுக்கு அனுப்பக் கூடாது. மறுவளமாக, ஒரு வருத்தமும் இல்லாதவனைத் தோண்டித் தோண்டிச் சோதித்தால் எங்கேயாவது ஒரு பொய்ப் பயம் கிளம்பும், பிறகு அந்தப் பயத்தைப் போக்க இரத்தக் குழாய்க்குள் கம்பி விட வேண்டி வரும். ஆகவே முதலில் ஆளைக் கேள். ஆபத்துக் குறைந்தவர், நடுத்தரம், கூடியவர் என்று பிரி. பிறகு மெஷினைத் தொடு. அவவுடைய சட்டம் அதுதான்.

நான் அதை ஞானோபதேசம் போலப் பாடமாக்கினேன். பதில் பொய்யாக வந்தால் என்ன செய்வது என்று அவ சொல்லித்தரவில்லை, நானும் கேட்கவில்லை. இந்த நாட்டில் யாருக்கும் பொய் சொல்லத் தேவையில்லை. நெஞ்சைப் பற்றிக் கேட்டால் முழங்காலையும் சேர்த்துச் சொல்வார்கள், வீட்டு நாயின் வருத்தத்தையும் சொல்வார்கள்.

3

இலங்கையில், மன்னார்க் கரையில் இருக்கும் எங்கள் ஊரான விடத்தல்தீவுக்கு எங்கள் சனம் திரும்பிப் போய் இரண்டாம் வருடம். போருக்குள் அகப்பட்டு, ஓடி ஓடிக் கடற்கரையின் கடைசி மணல் வரை போய், அங்கிருந்து முள்ளுக்கம்பி முகாமுக்குள் அடைபட்டு, பிறகு பேருந்தில் ஏற்றி ஊரில் இறக்கப்பட்ட சனம். வீட்டுக்குக் கூரை கிடையாது, தறப்பாள்தான். வள்ளங்கள் ஒன்றிரண்டு. கடலுக்குப் போக ஒவ்வொரு ஆளுக்கும் பாஸ் வேண்டும். படகைத் தள்ளும் முன் கடற்படைக் காவலில் அந்தப் பாஸைக் கொடுத்துவிட்டுப் போய், வந்து திரும்ப வாங்க வேண்டும்.

வெளிநாடுகளில் சிதறிக் கிடந்த ஊரவர் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தோம். சங்கம் என்றால் தெரியும்தானே, வருடத்துக்கு ஒரு ஒன்றுகூடல், கொத்துரொட்டி, ஒரு சண்டை. நான் என் ஆஸ்பத்திரியில் கெஞ்சிக் கேட்டு, ஒதுக்கி வைத்திருந்த பழைய ஈசிஜி மெஷின் ஒன்றை வாங்கினேன். நல்ல மெஷின். அதை ஊருக்குக் கொண்டுபோய் ஒரு நாள் மருத்துவ முகாம் வைப்பது, கேள்விப் படிவம் நான் தயாரிப்பது, ஆபத்துக் குறைந்தவருக்குப் பச்சைத் தாள், நடுத்தரத்துக்கு மஞ்சள், கூடியவருக்குச் சிவப்பு. பச்சைக்குப் புத்திமதி மட்டும். மஞ்சளுக்கு ஈசிஜி. சிவப்புக்கு ஈசிஜியும், பெரிய ஆஸ்பத்திரியில் மேற்கொண்டு சோதிக்க, முகாமுக்கு வரும் டொக்டரின் கடிதமும். கடதாசிச் சுருள் கொஞ்சம்தான் கிடந்தது, ஆகவே வீணாக்கக் கூடாது. இதெல்லாம் என் திட்டம். என் மூளையை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

முகாம் நடந்த பாடசாலைக்குப் போனால் வாசலில் வாழைமரம் கட்டியிருக்கிறது. சங்கத் தலைவர் லண்டனிலிருந்து கோட் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார், அந்த வெயிலுக்குள். நாடா வெட்டினார்கள். பிள்ளைகளை ஆடவிட்டார்கள். மூன்று பேர் பேசினார்கள், மூன்று பேரும் ஒரே பேச்சு. வருத்தக்காரச் சனம் வெளியில் பூவரச மரத்து நிழலுக்கு அடிபட்டுக்கொண்டு நிற்கிறது.

அத்தோடு முடிந்ததா? மெஷினை ஆரம்பித்துவைக்க வேண்டுமாம். எப்படி? தலைவருக்கே முதல் ஈசிஜி. மேசையில் மல்லாக்கப் படுத்தார், கழுத்து மாலையைக் கழற்ற மறுத்துவிட்டார். நான் சுற்றிவரக் கட்டிய சீலையைப் படம் எடுப்பதற்காக விலக்கிவிட்டார்கள். மாலை வயிற்றில் கிடந்து ஏறி இறங்குகிறது, நான் பூவை விலக்கி விலக்கி வில்லை ஒட்டுகிறேன்.

"தங்கச்சி, கோடு வடிவா வருதோ?" என்று கமெராவைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"வடிவா வருது."

"அதை லமினேட் பண்ணி இங்க மாட்டி விடச் சொல்லும். ஞாபகமா இருக்கட்டும்."

மாட்டினார்கள், ஆண்டவர் படத்துக்குப் பக்கத்தில். அவருக்குப் பின்னால் மன்னார் டவுனிலிருந்து வானில் வந்திறங்கிய அவருடைய மனைவி வீட்டார் நின்றார்கள். ஏழெட்டுப் பேர், எல்லோர் கையிலும் சிவப்புத் தாள், யார் கொடுத்தது என்று ஒருவருக்கும் தெரியாது. அதில் ஒரு பெண்பிள்ளைக்குப் பத்தொன்பது வயது. எனக்குக் கொதி ஏறிவிட்டது. "சொந்தக்காரருக்கு இங்க தனிச்சட்டம் இல்லை. எல்லாரும் வரிசையில வந்து கேள்விக்குப் பதில் சொல்லுங்கோ" என்று சனம் கேட்கக் கத்தினேன். வரிசையில் நின்ற பெண்கள் சிலர் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டல் என் தலைக்கு ஏறிவிட்டது. அதைத்தான் இன்றைக்கும் என்னால் விழுங்க முடியவில்லை.

4

சனம் ஒவ்வொருவராக வந்து என் முன்னால் கதிரையில் இருந்தார்கள். நான் கேட்டேன், நானே எழுதினேன்.

நெஞ்சு நோ வருகிறதா? இல்லை. நடக்கும்போது மூச்சு வாங்குகிறதா? இல்லை. சீனி? இல்லை. பிரஷர்? இல்லை. புகைப்பீர்களா? இல்லை. குடும்பத்தில் யாராவது மாரடைப்பில் செத்தார்களா? இல்லை, இல்லை, இல்லை.

ஒரு கிழவர் மூன்று படி ஏறி வந்ததற்கே தூணைப் பிடித்துக்கொண்டு நின்று நின்று வந்தார். "மூச்சு வாங்குமோ ஐயா?" என்றேன். "இ... இல்லை" என்றார், அந்த ஒரு சொல்லுக்கு இரண்டு தரம் மூச்செடுத்து. நான் இல்லை என்று எழுதினேன். கடவுளே, எழுதினேன்! படிவத்தில் அவர் சொன்னதை எழுதத்தான் இடம் இருந்தது, நான் பார்த்ததை எழுத இடம் இல்லை. அந்தப் படிவத்தைச் செய்தவள் நான்.

மத்தியானத்துக்குள் பச்சைத் தாள் குவிந்துவிட்டது. தலைவர் ஒலிவாங்கியில் அறிவித்தார்: "எங்கட ஊர்ச் சனத்துக்கு இருதய வருத்தமே இல்லை! கடல் காற்றும் நல்ல மீனும்தான் காரணம்!" எத்தனை பிள்ளைகளைப் புதைத்துவிட்டு வந்த சனத்தைப் பார்த்து, இருதயம் திறம் என்கிறார். அதற்கும் கை தட்டினார்கள். கை தட்டாமல் இருப்பதைவிடத் தட்டிவிட்டுப் போவது சுகம் என்று அந்தச் சனம் நன்றாகப் படித்திருந்தது.

அப்போதுதான் சூசையண்ணன் வந்து என் முன்னால் இருந்தார்.

என் ஒரே அண்ணன். ஐம்பத்திரண்டு வயது, ஆளைப் பார்த்தால் அதற்கு மேலே பத்து வயது. வாயில் பீடி நாற்றம் அடிக்கிறது. எங்களைப் பெற்ற ஐயா வள்ளத்தில் வலை இழுத்துக்கொண்டிருக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்து, கரைக்குக் கொண்டுவருவதற்குள் முடிந்து போனவர். ஐயாவைத் தூக்கிக்கொண்டு வந்ததே இந்த அண்ணன்தான். நான் அப்போது பள்ளிக்கூடச் சட்டையோடு கரையில் நின்றேன்.

"நெஞ்சு நோ வாறதோ அண்ணை?"

"இல்லை."

"புகைக்கிறனீங்களோ?"

"இல்லை."

பக்கத்தில் நின்ற பெடியள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "குடும்பத்தில ஆரும் மாரடைப்பில...?"

"இல்லை."

நான் பேனையைத் தூக்கிவிட்டேன். "அண்ணை, ஐயா?"

அவர் மேசைக்கு மேலால் குனிந்து, வேறு யாருக்கும் கேட்காதபடி சொன்னார்: "இல்லையெண்டு எழுது பிள்ளை. இந்தப் பேப்பர் எங்கெங்க போகுமெண்டு உனக்குத் தெரியாது."

"இது எங்கயும் போகாது. எங்கட சங்கத்துக்குத்தான்."

"எழுதடி எண்டுறன்."

அவருடைய கண் கெஞ்சியது. அதை நான் கண்டேன். காணவில்லை என்று இப்போது எழுதினால் அதுவும் ஒரு பொய்ப் படிவமாகிவிடும். ஆனால் வரிசை பின்னால் நீண்டு நிற்கிறது. காலையில் சொந்தக்காரருக்குத் தனிச்சட்டம் இல்லை என்று கத்தியவள் நான். எல்லாவற்றுக்கும் இல்லை என்று சொன்ன என் சொந்த அண்ணனுக்கு, அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கச் சிவப்புத் தாள் கொடுப்பதா? தலைவரின் மனைவி வீட்டார் என்ன சொல்வார்கள்? ஊர்ச் சனம் இப்படித்தான், ஒன்றும் தெரியாமல் பயப்படும், நாளைக்கு மெஷினை வீட்டுக்கே கொண்டுபோய் ஆறுதலாக எடுத்துவிடுகிறேன், இப்படி எனக்கு நானே சமாதானம் சொன்னேன். என் கையால் இல்லை என்று எழுதி, பச்சைத் தாளைக் கிழித்துக் கொடுத்தேன். எண்ணெய்ச் சாப்பாட்டைக் குறைக்கும்படி புத்திமதியும் சொன்னேன். அரைவயிறு சாப்பிடுகிற மனுசனுக்கு எண்ணெய்யைக் குறைக்கும்படி!

"சரி பிள்ளை" என்று சொல்லி, தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழும்பிப் போனார்.

5

அடுத்த நாள் காலையில் பாடசாலைக்குப் போனேன். மெஷின் இல்லை. காவலாளி, "தலைவர் ஐயா விடிய வந்து வானில ஏத்திக்கொண்டு போட்டார்" என்றார். தொலைபேசி எடுத்தேன்.

"ஓம் தங்கச்சி, இங்க டவுனில மாமியாருக்கும் அக்கம்பக்கத்துச் சனத்துக்கும் ஒருக்கா எடுத்துப் பாப்பமெண்டு கொண்டந்தனாங்கள். எல்லாருக்கும் நோமல். சந்தோசமா இருக்கு."

"எனக்கு அது இண்டைக்கு வேணும். என்ர அண்ணனுக்கு எடுக்கவேணும்."

"அண்ணனுக்குப் பச்சை எண்டல்லோ லிஸ்டில கிடக்கு? நீர்தானே எழுதினது?"

அந்த ஆளின் வாயிலிருந்து அன்றைக்கு வந்த ஒரே உண்மை அதுதான். அண்ணனுக்கு வருத்தம் இருக்கிறது என்று சொல்ல வேண்டுமானால் நான் பொய் எழுதினேன் என்று சொல்ல வேண்டும். சொல்லவில்லை. "பின்னேரம் அனுப்பி விடுங்கோ" என்று மட்டும் சொன்னேன். மெஷின் பின்னேரம் வந்தது, சுருளில் ஒரு விரற்கடை கடதாசிகூட மிச்சமில்லாமல். டவுன்காரரின் சுகமான இருதயங்களுக்கு எல்லாம் முடிந்திருந்தது.

"மன்னார் ஆஸ்பத்திரிக்கு வாங்கோ அண்ணை, நான் கூட்டிக்கொண்டு போறன்" என்று அண்ணனிடம் போய்க் கெஞ்சினேன். அவர் வலை பின்னிக்கொண்டிருந்தார். "நீதானே பச்சை தந்தனி? பிறகென்ன?" என்று சிரித்தார். இரண்டு நாளில் எனக்கு விமானம். லீவு முடிந்தால் முடிந்ததுதான், இங்கே ஒரு நாள் பிந்தினாலும் பத்துக் கடிதம் வரும். வந்துவிட்டேன்.

நாலு மாதம் கழித்து அண்ணன் கரையில் வள்ளம் தள்ளிக்கொண்டு நின்ற இடத்தில் விழுந்து செத்தார். பக்கத்தில் நின்றவர்கள் தண்ணீர் தெளித்துப் பார்த்தார்களாம்.

6

செத்தவீட்டுக்குப் போக எனக்கு விசா, லீவு, ரிக்கெற் எதுவும் பொருந்தி வரவில்லை. இங்கே வீட்டில் மெழுகுதிரி கொளுத்தி வைத்தேன். மூன்றாம் நாள் தலைவர் லண்டனிலிருந்து தொலைபேசி எடுத்தார். ஆழ்ந்த அனுதாபம் எல்லாம் சொன்னார். பிறகு இருமிவிட்டு, "ஊருக்குள்ள ஆரோ கதைக்கினமாம், சங்கம் சோதிச்சும் மனுசன் செத்திட்டார் எண்டு. அது பிழையான கதை, தங்கச்சி. எங்கட ரெக்கோட்டில அவர் ஆபத்துக் குறைஞ்சவர். எல்லாத்துக்கும் இல்லையெண்டு சொல்லியிருக்கிறார். நான் படிவத்தைப் பத்திரமா எடுத்து வைச்சிருக்கிறன்" என்றார்.

பத்திரமாக! அந்த முகாமில் நடந்த எல்லாவற்றிலும் அவர் பத்திரமாக எடுத்து வைத்தது இரண்டே இரண்டுதான்: அவருடைய சொந்த ஈசிஜி, என் அண்ணனின் படிவம். ஒன்று பெருமைக்கு, மற்றது காவலுக்கு. நான் தொலைபேசியை வைத்துவிட்டுப் போய்க் கை கழுவினேன்.

என் மகள் நீனா அப்போது பள்ளிக்கூடத்தில் மேல்வகுப்பு. தமிழ் விளங்கும், பதில் மட்டும் இந்த நாட்டுப் பாஷையில் வரும். நான் சமையலறையில் இருந்து அழுவதைப் பார்த்துவிட்டு வந்து, என்ன நடந்தது என்று கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். கவனமாகத்தான் கேட்டாள். முடிந்ததும், "அம்மா, அவர் பொய் சொன்னார்தானே? தன் உடம்பைப் பற்றி உண்மை சொல்வது அவருடைய பொறுப்பு. நீ குற்றமாக நினைக்கத் தேவையில்லை" என்று முதுகைத் தடவினாள்.

எவ்வளவு சுத்தமான, நேரான பிள்ளை. இந்த நாடு அவளை அப்படி வளர்த்திருக்கிறது. அந்தக் கையைத் தட்டிவிட்டேன். "உன்ர மாமாவுக்குப் பொய் சொல்லப் பழக்கினது ஆரெண்டு உனக்குத் தெரியுமோ?" என்று கத்தினேன். தெரியாது என்றாள். உண்மையில் அப்போது எனக்கும் தெரியாது. கத்துவதற்கு ஒரு வசனம் வேண்டியிருந்தது, கத்தினேன். அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அன்றிலிருந்து ஊர்க் கதை எதையும் அவள் என்னிடம் கேட்பதில்லை.

7

அடுத்த வருடம் போனேன். மெஷினும் இல்லை, சங்கமும் இல்லை. மச்சாளைப் பார்க்க மட்டும்.

பிலோமினா மச்சாள், அண்ணனின் மனைவி, கரையில் மீன் வாடிக் கொட்டிலுக்குப் பின்னால் சாக்கு விரித்து இறால் காயப்போட்டுக்கொண்டிருந்தா. என்னைக் கண்டதும் அழவில்லை. என் கைகளைத்தான் முதலில் பார்த்தா.

"பேப்பர் ஏதும் கொண்டந்தனியோ?"

"இல்லை மச்சாள்."

"எழுதப் போறியோ?"

"பேனையே கொண்டு வரேல்ல."

அப்போதுதான் பக்கத்தில் இருக்கச் சொன்னா. இறாலைப் புரட்டிக்கொண்டே கதைத்தா, என் முகத்தைப் பார்க்காமல்.

"உன்ர அண்ணனுக்கு அந்த முள்ளுக்கம்பி முகாமுக்குள்ளயே நெஞ்சு நோ வந்திட்டுது. தண்ணிக்கு வரிசையில நிக்கேக்க இந்தப் பக்கம் பிடிக்குது எண்டுவார். நான்தான் வாயைப் பொத்தச் சொன்னனான். எங்களுக்கு அடுத்த கூடாரத்தில ஒரு தாயும் மகளும் இருந்தவை. முகாம் நடத்தினவங்கள் பேப்பரோட வந்து ஆருக்கு என்ன வருத்தம் எண்டு கேட்டவங்கள். அந்த மனுசி நெஞ்சு நோகுது எண்டு உண்மையச் சொன்னவ. எழுதிக்கொண்டு போய், அடுத்த நாள் பஸ்ஸில ஏத்திக்கொண்டு போனவங்கள். எந்த ஆஸ்பத்திரி, எந்த ஊர், ஒண்டும் தெரியாது. மகள் வேலிக் கம்பியில நிண்டு நிண்டு காய்ஞ்சு போச்சுது. பிறகு ஆரும் வருத்தம் எண்டு சொல்லுறேல்ல. பிள்ளையளுக்குக் காய்ச்சலெண்டாலும் முகத்தைத் துடைச்சுப்போட்டு இல்லையெண்டு சொல்லப் பழக்கினம்."

"முகாம் முடிஞ்சுதே மச்சாள். ஊருக்கு வந்தாச்சே."

"ஊருக்கு வந்தா? இஞ்ச பாஸ். வருத்தக்காரன் எண்டு ஒரு பேப்பரில ஏறினா, கடலுக்குப் போக விடமாட்டாங்கள் எண்டு அவருக்குப் பயம். உண்மையோ பொய்யோ ஆர் கண்டது? உன்ர முகாமுக்குப் போன அண்டு விடிய நான்தான் அவருக்குச் சொன்னனான். தங்கச்சி கேட்டாலும் இல்லையெண்டு சொல்லுங்கோ, அவளுக்கு நல்ல மனம், ஆனா பேப்பர் வைச்சிருக்கிறாள் எண்டு."

சாக்கின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். ஊர் முழுக்க வரிசையில் வந்து இல்லை இல்லை என்று சொன்னது எனக்கு இப்போதுதான் விளங்கியது. அந்தப் படிவத்துக்கு அவர்களுக்குத் தெரிந்த சரியான பதில் அது ஒன்றுதான். அதைச் சொல்லித்தான் ஒருவரை ஒருவர் தொலைக்காமல் வைத்திருந்தார்கள். நான் நல்ல வெள்ளைக் கடதாசியில் அச்சடித்துக்கொண்டுபோய், அதே கேள்வியை அதே மாதிரிக் கேட்டிருக்கிறேன். சீ! அங்கேயே மணலில் துப்ப வேண்டும் போல இருந்தது. எவ்வளவு படித்தென்ன?

மச்சாள் இறாலைக் கூட்டிக்கொண்டு எழும்பினா. எழும்பியவ நெஞ்சில் கையை வைத்தபடி அப்படியே நின்றா. இடது தோள் கொஞ்சம் குனிந்திருந்தது. வெயிலுக்குள் மேலுதடு வியர்த்துக் கிடந்தது, உதடு வெளிறியிருந்தது. அந்த நிலையை நான் ஆஸ்பத்திரியில் எத்தனை தரம் பார்த்திருக்கிறேன்.

"எவ்வளவு நாளா?"

என் கைகளைத் திரும்பவும் பார்த்து, "பேப்பர் இல்லையெண்டு சொன்னனி" என்றா.

"இல்லை. சத்தியமா இல்லை."

"ஆறு மாசமா. இப்ப படுத்தாலும் வருது. சீனியும் கிடக்குதாம், முந்தி ஒரு நேர்ஸ் பிள்ளை சொன்னது."

மச்சாள் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறா. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். கதை வாசிக்கிற ருசியில் அந்த மனுசியைச் சாகடித்துப் பார்க்க வேண்டாம். ஆனால் அன்றைக்கு எனக்கு அது தெரியாது. ஓட்டோ பிடித்து மன்னாருக்குக் கொண்டுபோனேன். வழி முழுக்க, "இரத்தம் குத்திப் பாக்கிறதோட விட்டிடுவினம்தானே, எழுத மாட்டினம்தானே" என்று கேட்டுக்கொண்டே வந்தா. நானும் மாட்டார்கள், மாட்டார்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அன்றைய என் பொய்க்கணக்கு அதுதான்.

ஆஸ்பத்திரியில் எங்களை நல்ல மாதிரித்தான் கவனித்தார்கள். வாங்கில் இருத்தினார்கள். ஒரு இளம் நேர்ஸ் பிள்ளை, களைத்த முகம், அன்பான குரல், வந்து முன்னால் இருந்தது. கையில் ஒரு அட்டை, அதில் ஒரு தாள், பேனை. மச்சாளின் விரல்கள் என் மணிக்கட்டைப் பிடித்தன.

"அம்மா, நெஞ்சு நோ இருக்கோ?"

"இல்லை" என்றா மச்சாள். சத்தமாக, தெளிவாக, பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிடப் பதில் சொல்வது போல.

"மூச்சு வாங்குமோ?"

"இல்லை."

"சீனி ஏதும்?"

"இல்லை."

அந்தப் பிள்ளை எழுதத் தொடங்கியது. எழுதுகிற அந்தக் கையை நான் பார்த்தேன். மச்சாள் என்னைப் பார்த்தா. அண்ணன் மேசைக்கு மேலால் பார்த்த அதே பார்வை, இரண்டு பேரும் ஒரே இடத்தில் பழகியது. இறுக்கிப் பிடித்திருந்த விரல்களை ஒவ்வொன்றாக என் கையிலிருந்து கழற்றினேன்.

"இருக்குப் பிள்ளை. எல்லாம் இருக்கு. எழுதுங்கோ. ஆறு மாசமா நெஞ்சு நோ, இப்ப படுத்திருந்தாலும் வருது. சீனி இருக்கு. மூச்சு வாங்குது. இல்லையெண்டு எழுதினதை வெட்டிப்போட்டு எழுதுங்கோ."

பிள்ளை நிமிர்ந்து மச்சாளின் முகத்தைப் பார்த்துவிட்டு, எழுதியதை ஒரே இழுவையில் வெட்டியது. யாரையோ கூப்பிட்டது. சக்கரக் கதிரை வந்தது. இரண்டு பேர் பிடித்து இருத்தினார்கள். மச்சாள் திமிறவில்லை. திமிறிப் பயனில்லை என்பதையும் அந்தச் சனம் எங்கேயோ படித்திருந்தது. உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது கதவடியில் கையைக் கொடுத்துக் கதிரையை நிறுத்தி, கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தா.

"நீயும் காட்டிக் குடுத்திட்டாய், என்ன?"

"ஓம்" என்றேன்.